மூங்கிலும் தூண்டிலும்

குன்றத்தூர்க்காரனாகிய எனக்குத் தூண்டில் என்றால், ஏரிக்கரையில் சிறுவர் பிடிக்கும் முழு மூங்கிற் கழிதான் நினைவுக்கு வரும். அதே மூங்கிலைப் பிளந்து, மீண்டும் ஒன்றாக்கித் தூண்டிற்கோல் செய்யும் கலை ஒன்று உண்டு. அதன் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு.

மூங்கிலின் வலிமை அதன் புறத்தோலை ஒட்டிய நார்களில் அடர்ந்திருக்கிறது, உட்பகுதி மென்மையானது. ஆகவே கைவினைஞர் கழியைச் சிம்புகளாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, வலிய புறம் வெளியே இருக்குமாறு ஆறு சிம்புகளைப் பசையிட்டு ஒட்டுவர். இவ்வாறு அமைந்த அறுகோணக் கோல் எளிதில் ஒடியாது வளையும். அவ்வளைவின் விசையே நூலையும், அதன் நுனியில் கட்டிய இறகுப் பூச்சியையும் தொலைவுக்கு வீசுகிறது.

1840-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப்பி என்னும் துப்பாக்கிக் கம்மியர் பிளவு மூங்கிற் கோல்களைச் செய்தார். தொடக்கத்தில் இத்தொழிலுக்கு உதவியது இந்திய மூங்கில். கல்கத்தாவிலிருந்து கப்பலேறியதால் அதற்குக் 'கல்கத்தா மூங்கில்' என்றே பெயர் வழங்கிற்று. மூங்கில் அங்கே செல்ல, கோல் கொண்டு மீன் பிடிக்கும் ஆங்கிலேயர் பழக்கம் இங்கே வந்தது. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் அதுபற்றி 1873-இல் தனி நூலே எழுதினார்.

பின்னர் தென்சீனத்து டோங்கின் மூங்கில் இந்திய மூங்கிலின் இடத்தைப் பிடித்தது. 1950-இல் அமெரிக்கா சீன வாணிகத்தைத் தடுக்கவே, கண்ணாடியிழைக் கோல்கள் பெருகின.

கோலைச் செய்தவர் பெயர் அதன் மேல் எழுதப்பட்டது. மூங்கிலை வெட்டித் தந்தவர் பெயரோ எங்கும் இல்லை. துறைமுகத்தின் பெயரே எஞ்சியது. மாணவர்களே, ஒரு பொருளின் வரலாற்றைப் படிக்கும்போது, அதில் எழுதப்படாத உழைப்பையும் தேடிப் பாருங்கள்.