மூலம்னு நெனச்ச ஒரு வருஷம்

இந்த எபிசோட் எங்க ஊர்ல ஆரம்பிக்குது, வேலூர் பக்கத்துல அணைக்கட்டு. எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். 34 வயசுல அவருக்கு மலத்துல ரத்தம் வந்தது. மூலம்னு சொல்லி ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டாரு. சுவருக்குச் சுவர் மூலம், பவுத்திரம் விளம்பரம் இருக்கிற ஊர்ல வேற என்ன தோணும்? கொலனோஸ்கோபி பண்ணின பிறகுதான் மலக்குடல் புற்றுநோய்னு தெரிஞ்சது.

"எல்லாம் டேனரித் தண்ணிதான்"னு ஊரே சொல்லிச்சு. கோபம் நியாயமானது. பாலாறு கெட்டுப்போனதை 1996-லயே உச்ச நீதிமன்றம் பதிவு செய்திருக்கு. கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதா அந்தத் தீர்ப்பு சொல்லுது. ஆனா தோல் கழிவுதான் குடல் புற்றுநோயைக் கொண்டு வந்ததுன்னு நிரூபணம் ஆகல. ஆறு மதிப்புள்ள குரோமியம் புற்றுநோய் தரும்னு உறுதியானது முக்கியமா நுரையீரல் விஷயத்துல.

டேனரியே இல்லாத இடங்கள்லயும் இது இளைஞர்களிடம் கூடுது. 2017-ல வந்த அமெரிக்க ஆய்வுப்படி, 1950 வாக்கில் பிறந்தவங்களைவிட 1990 வாக்கில் பிறந்தவங்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து இரண்டு மடங்கு, மலக்குடல் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு. 'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020-ல இறந்தப்போ வயசு 43. அடுத்த வருஷமே அங்க பரிசோதனை தொடங்கும் வயசை 50-லிருந்து 45-ஆக் குறைச்சாங்க.

நம்ம நாட்டுல? மும்பை டாடா மருத்துவமனை 2017-ல வெளியிட்ட 800 நோயாளிகளின் கணக்குல சராசரி வயசு 47. நம்ம மக்கள்தொகையே இளமையானது, அதுவும் ஒரு காரணம். அதனால இந்த எண்ணை மட்டும் வச்சு நோய் பரவுதுன்னு சொல்லிட முடியாது. ஆனா "இது வயசானவங்க நோய்"ங்கிற பழைய நம்பிக்கை இங்க பொருந்தலன்னு அது காட்டுது. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூணையும்தான் பார்க்குது. குடல் அதுல இல்ல.

அப்போ நமக்கு இருக்கிற ஒரே எச்சரிக்கை மணி நம்ம உடம்புதான். ரத்தம், மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை. கூச்சப்படாம டாக்டர்கிட்ட போங்க. "மூலமா இருக்கும்"னு அவர் சொன்னா, "உள்ள பார்த்து உறுதி பண்ணலாமா?"னு கேளுங்க.

அண்ணன் அந்தக் கேள்வியை ஒரு வருஷம் கழிச்சுத்தான் கேட்டாரு. நீங்க முதல் வாரமே கேளுங்க.