வாயில்லாப் பிராணியும் பைத்தாரின் பொறுப்பும்

நம் அரபுக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் ‘முக்தஸருல் குதூரி’யின் இஜாரா பாடத்தில் ஒரு சிறு வாசகம் உண்டு. மனிதருக்கு நரம்பு கீறி இரத்தம் எடுப்பவரும், கால்நடைக்கு அவ்வாறு செய்பவரும் வழக்கமான இடத்தைத் தாண்டாதிருந்தால், அதனால் நேரும் இழப்புக்கு ஈடு தர வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. இவ்வாசகத்தை நாம் பல ஆண்டுகள் சொற்பொருள் மட்டும் கூறிக் கடந்து போயிருக்கிறோம். கால்நடை மருத்துவரின் கடமையும் உரிமையும் அதனுள் அடங்கியிருப்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தோமில்லை. அக்குறையை இங்கே தீர்த்துக்கொள்ள விழைகிறோம்.

கால்நடை மருத்துவரை அரபியர் ‘பைத்தார்’ என்பர். ஹிஜ்ரி 189இல் (கி.பி. 805) மறைந்த இமாம் முஹம்மது அஷ்ஷைபானீ (ரஹ்) அவர்கள் தம் ‘ஜாமிஉஸ் ஸகீர்’ நூலில் ஒரு வழக்கைக் கூறுகின்றார்கள். ஒரு பைத்தார் ஒரு தானிக் கூலிக்கு ஒரு பிராணியைக் கீறினார், அது இறந்துபோயிற்று. அவர்மீது ஈட்டுப் பொறுப்பு இல்லை என்பது தீர்ப்பு. தானிக் என்பது திர்ஹத்தில் ஆறிலொரு பங்கு.

‘ஹிதாயா’ ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) இவ்விரு வாசகங்களையும் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கம் உள்ளது என்கின்றார்கள். ஒன்று கூலிக்கு அமர்த்தப்பட்டதைக் கூறுகின்றது. மற்றொன்று எல்லை மீறாமையைக் கூறுகின்றது. இரண்டும் சேர்ந்தாலே பொறுப்பு நீங்கும். இதன் காரணத்தையும் அவர்கள் விளக்குகின்றார்கள். துணி வெளுப்பவர் துணியின் உறுதியை ஆய்ந்தறிய முடியும். கிழித்தால் ஈடு தர வேண்டும். ஆனால் காயம் உடலுக்குள் பரவுவது அவ்வுடலின் வலிமையையும் பலவீனத்தையும் பொறுத்தது. அதை எவராலும் முன்னறிந்து தடுக்க இயலாது. தடுக்க இயலாததற்கு உறுதி கேட்பது நீதியாகாது.

இச்சலுகை அறிந்தவருக்கே உரியது. மருத்துவம் அறியாத நிலையில் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், நஸயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. ஹிஜ்ரி 751இல் மறைந்த இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) ‘ஸாதுல் மஆத்’தில் இதனை விளக்குகையில், மனிதருக்கு மருத்துவம் செய்பவரோடு விலங்குக்குச் செய்பவரையும் ‘தபீப்’ என்ற சொல்லுள் அடக்குகின்றார்கள்.

ஆயினும் ஈட்டுச் சட்டம் கேடு விளைந்த பின்னரே பேசுகின்றது. முன்னரே தடுக்க எழுந்தது ‘ஹிஸ்பா’ என்னும் சந்தைக் கண்காணிப்பு முறை. சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தவரான ஷைஸரீ, முஹ்தஸிப் என்னும் கண்காணிப்பாளருக்கு எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா’வில் பைத்தார்களுக்கென்று தனி இயலே வகுத்தார். விலங்கின் நோயைக் கண்டறிவது மனிதரின் நோயைக் கண்டறிவதினும் கடினம்; ஏனெனில் அது தன் வேதனையைச் சொல்ல அறியாது என்கின்றார் அவர். குளம்பு சீவுவதிலும் ஆணி அடிப்பதிலும் கைக்கொள்ள வேண்டிய கவனத்தையும் கூறுகின்றார். அறியாமல் கீறுதல், அறுத்தல், சூடிடுதல் ஆகியவற்றினின்றும் தடுக்கும் இறையச்சம் இல்லாதவர் இத்தொழிலில் இறங்கலாகாது என்பது அவர் விதி.

சட்டம் பேசும் இடத்தில் இறையச்சம் ஏன் வந்தது? நாம் சிந்தித்தவரை காரணம் இதுவே: ஈடு என்பது விலைக் குறைவுக்கு உரிமையாளர் பெறுவது. வலியைப் பட்ட பிராணிக்கு அதில் ஒரு தானிக்கும் இல்லை. அது வழக்குரைக்கவும் வராது, சாட்சி சொல்லவும் வராது.

இந்தியாவில் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் பதிவு பெற்றவரே இம்மருத்துவம் செய்யலாம் என்று வகுத்தது. மேற்பார்வையின்கீழ்ச் செய்யும் சிறு பணிகளுக்கு மட்டும் விலக்களித்தது. 1992இல் தொழில் ஒழுக்க விதிகளும் வந்தன. அறியாதவர் கையிலிருந்து பிராணியைக் காக்கும் இவ்வேற்பாட்டை நாம் வரவேற்கவே வேண்டும். ஆனால் பதிவேடு அறிவுக்குச் சான்று தரும். யாரும் பாராத தொழுவத்தில் கத்தி எடுக்கும் கைக்கு யார் சான்று?

இனி குதூரியின் அவ்வாசகத்தை ஓதிக் கொடுக்கும்போது, இக்கேள்வியையும் மாணவர்முன் வைப்போம்.