தூக்குவது ஜக், தாங்குவது ஸ்டாண்ட்: வீட்டில் கார் திருத்துவோர் கவனத்திற்கு

சில வருடங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் அண்ணர் காரின் பிறேக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஜக்கால் தூக்கி, அடியில் ஒரு சீமெந்துக் கல்லை வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்கியிருந்தார். கழற்றிய சில்லு வேலியோரம் சாய்ந்திருந்தது. ஸ்பானர் எடுக்க அவர் எழுந்து வந்த நேரம் கல் நொறுங்கியது. கார் நிலத்தில் கிடந்தது. ஷெல்லடிக்குத் தப்பிய மனிதர், ஒரு கல்லை நம்பிச் செத்திருப்பார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. பழைய வாகனத்தைத் திருத்தித் திருத்தியே பலர் ஓடுகிறோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஏ40 ஓட்டிய எங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் தூக்கும் சாமானில் மட்டும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

எந்த ஜக்?

காருடன் வரும் கத்தரிக்கோல் வடிவ ஜக், வழியில் சில்லு மாற்ற மட்டுமே. போத்தல் ஜக் மலிவு, பாரமும் தூக்கும். ஆனால் உயரமானது, தாழ்வான காருக்கு அடியில் போகாது. அடிப்பாகமும் சிறிது. வீட்டுக் காருக்கு 2 தொன் ட்ரொலி ஜக் போதும். அக்சியோ போன்ற கார் சுமார் 1,100 கிலோ. அதிலும் ஒரு தடவையில் நாம் தூக்குவது ஒரு பகுதியை மட்டுமே. வானுக்கு 3 தொன் நல்லது.

எங்கள் அயலில் போரில் ஒரு காலை இழந்தவர் ஒருவர் வாடகைக் கார் ஓடுகிறார். போத்தல் ஜக் அடிக்க அவர் நிலத்தில் படுக்க வேண்டியிருந்தது. ட்ரொலி ஜக்கின் நீண்ட பிடியை இப்போது கதிரையில் இருந்தபடியே அடிக்கிறார். முதுகில் ஷெல் துண்டுடன் வாழ்பவர்களும் இதை யோசிக்கலாம்.

முதலில் ஸ்டாண்ட்

ஜக்கின் உள்ளே இருக்கும் றப்பர் சீல் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து பாரம் இறங்கும். இரும்பு ஸ்டாண்டில் கசிவதற்கு எதுவும் இல்லை. காசு குறைவென்றால் ஜக்கை இரவல் வாங்குங்கள். ஒரு சோடி ஸ்டாண்டைச் சொந்தமாக வாங்குங்கள்.

பழைய சாமான் வாங்கும்போது

ஜக்கில் பாரம் ஏற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். இறங்கினால் வேண்டாம். தண்டில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா, ஸ்டாண்டின் வெல்டிங்கில் வெடிப்பு இருக்கிறதா எனவும் பாருங்கள். ஜக்குக்குப் பிறேக் ஒயில் ஊற்றாதீர்கள், சீல் பழுதாகும்.

தூக்கும் ஒழுங்கு

சமதரையில் நிறுத்துங்கள். மணலோ செம்மண்ணோ என்றால் ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான தடித்த பலகை வையுங்கள். தூக்கும்போது ட்ரொலி ஜக் சற்று உருள வேண்டும். மண்ணில் புதைந்தால் கார் வழுக்கும். சில்லு நட்டுகளைத் தூக்குவதற்கு முன்னரே இளக்குங்கள். நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். கைப்பிறேக் பெரும்பாலும் பின் சில்லுகளையே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அது உதவாது. கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் ஜக் வைக்கும் இடத்துக்கு அடையாளம் இருக்கும். ஸ்டாண்டில் இறக்கிய பின் காரை அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் மட்டும் அடியில் போங்கள்.

அண்ணர் இப்போது கழற்றிய சில்லை வேலியில் சாய்ப்பதில்லை. ஸ்டாண்டும் தவறினால் அதாவது தாங்கட்டும் என்று, காருக்கு அடியில் படுக்க வைக்கிறார்.