வேற்றூரில் ஒரு பில்லியர்ட்ஸ் மேஜை

பிழைப்பை நாடி வடக்கே வந்து சேரும் தமிழர் முதலில் தேடுவது நல்ல சாப்பாட்டுக் கடையை. அடுத்துத் தேடுவது கோயிலையும் தமிழ்ச் சங்கத்தையும். இவை கிடைத்த பிறகுதான் மாலைப் பொழுதை எவ்வாறு கழிப்பது என்ற கேள்வி எழும். சிலருக்குச் சங்கீதக் கச்சேரி போதும்; சிலருக்குச் சதுரங்கம் போதும். வேறு சிலருக்கோ, பச்சைக் கம்பளம் விரித்த மேஜையும், கையில் ஒரு கோலும், ஒன்றோடொன்று மோதி ஓடும் வண்ணப் பந்துகளும் இல்லாவிடில் நாள் நிறைவு பெறாது. இந்தக் கட்டுரை அத்தகைய அன்பர்களுக்கு உரியது. கோலைத் தொட்டறியாதவர்களும் இதைக் கேட்பதில் தவறில்லை. ஏனெனில் இதனுள் ஒரு சமுதாய வரலாறும் அடங்கியிருக்கின்றது.

கல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள ஜாதவ்பூரில் குடியிருக்கும் ஒருவர், "இங்கே ஆடுவதற்கு நல்ல மேஜை எங்கே கிடைக்கும்?" என்று கேட்பாராயின், இன்று அதற்கு விடை காண்பது எளிது. அரை நாள் விசாரித்தால் போதும். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியைக் கேட்டிருந்தால், விடை வேறாக இருந்திருக்கும். அப்பொழுதும் இந்நகரில் மேஜைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை இருந்த அறைகளின் கதவுகள் நமக்குத் திறக்கவில்லை. அந்தக் கதவுகள் திறந்த கதையைத்தான் இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

முதலில் ஆட்டத்தின் வகைகளைத் தெரிந்துகொள்வோம். பில்லியர்ட்ஸ் என்பது மூன்றே பந்துகளால் ஆடப்படுவது. ஸ்நூக்கர் என்பது 22 பந்துகளால் ஆடப்படுவது: சிவப்பு பதினைந்து, பிற வண்ணங்கள் ஆறு, அடிக்கும் வெள்ளைப் பந்து ஒன்று. இவ்விரண்டிற்கும் 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட பெரிய மேஜை வேண்டும். பூல் என்பது அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டம். அதன் மேஜை சிறியது. மிகப் பெரியதே ஒன்பது அடிதான். 'பூல்' என்னும் சொல்லுக்கு இங்கே குளம் என்பது பொருளன்று. ஆடுவோர் அனைவரும் சேர்த்து வைக்கும் பந்தயப் பணத்தையே அது குறித்தது. குதிரைப் பந்தயத்திற்குப் பணம் கட்ட வந்தவர்கள், பந்தயத்திற்கும் பந்தயத்திற்கும் இடையே பொழுது போக்குவதற்காக அக்கூடங்களில் மேஜைகளைப் போட்டு வைத்தார்கள். அதனால் பந்தயத்தின் பெயரே ஆட்டத்திற்கும் ஒட்டிக்கொண்டது. கெட்ட பெயரும் உடன் ஒட்டிக்கொண்டது.

ஸ்நூக்கரின் பிறப்பிடம் நம் நாடே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1875ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், ஜபல்பூரிலிருந்த ராணுவ அதிகாரிகளின் விடுதியில் வெளியே செல்ல வழியின்றிப் பலர் மேஜையைச் சுற்றியே பொழுதைக் கழித்தார்கள். அவர்களுள் ஒருவர் நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி. பிற்காலத்தில் அதே பெயருடன் இங்கிலாந்தின் பிரதமராக விளங்கியவர் வேறு, இவர் வேறு. வழக்கத்திலிருந்த ஆட்டங்களை ஒன்று சேர்த்து, சிவப்புப் பந்துகளுடன் வேறு வண்ணப் பந்துகளையும் கலந்து இவர் ஒரு புதிய ஆட்டத்தை அமைத்தார். லண்டனுக்கு அருகே வுல்விச் ராணுவக் கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவர்களை 'ஸ்நூக்கர்' என்று கேலியாக அழைப்பது வழக்கம். எளிய பந்து ஒன்றைக் குழியில் வீழ்த்தத் தவறிய நண்பரைச் சேம்பர்லின் அச்சொல்லால் கேலி செய்தாராம். ஆட்டத்திற்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது.

அங்கிருந்து இந்த ஆட்டம் தமிழ்நாட்டு மலைக்கு வந்தது. சென்னைப் படையின் தளபதியாக இருந்த பிரடெரிக் ராபர்ட்ஸ் உதகமண்டலத்தில் கோடைக் காலத்தைக் கழிப்பார். அவருடன் சேம்பர்லினும் வந்தார். 1880களின் தொடக்கத்தில் உதகை கிளப்பில்தான் ஸ்நூக்கரின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையின் சுவரில் ஒட்டப்பட்டன. இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான மக்கள் கண்டு களிக்கும் ஓர் ஆட்டத்திற்கு நீலகிரியில் விதி வகுக்கப்பட்டது என்பது நமக்குப் பெருமைதான். ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது: அந்த அறைக்குள் நீலகிரியின் மக்கள் ஆடுவோராக நுழைந்ததில்லை.

உதகைக்குப் பிறகு கதை கல்கத்தாவுக்கு வருகின்றது. 1885இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். கல்கத்தாவில் கூச்பிகார் மகாராஜாவுடன் விருந்துண்டுகொண்டிருந்த சேம்பர்லினை அவர் சந்தித்து, புதிய ஆட்டத்தின் விதிகளைக் கேட்டறிந்தார். இவ்வாறு கல்கத்தாவின் ஒரு விருந்தறையிலிருந்து ஸ்நூக்கர் கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தது. பல ஆண்டுகள் கழித்து இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தவர் யார் என்ற வழக்கு எழுந்தபோது, முதுமையடைந்திருந்த சேம்பர்லின் 1938இல் 'தி ஃபீல்டு' என்னும் இதழுக்குக் கடிதம் எழுதி உண்மையை விளக்கினார்.

அந்த விருந்தில் இருந்த மகாராஜா நிருபேந்திர நாராயணரை நாம் மீண்டும் சந்திக்கப் போகின்றோம். அதற்கு முன் அக்காலத்துக் கல்கத்தாவின் நிலையைச் சற்று நோக்குவோம். 1827இல் தோன்றிய பெங்கால் கிளப் ஐரோப்பியருக்கே உரியதாக இருந்தது. வைசிராயாக இருந்த மின்டோ பிரபு, தொழிலதிபர் ராஜேந்திரநாத் முகர்ஜியை அங்கே விருந்துக்கு அழைத்தார் என்றும், இந்தியர் என்பதால் முகர்ஜிக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்றும் சொல்லுவர். நாட்டையே ஆண்டவருடைய அழைப்பும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அதன் விளைவாக 1907இல், இந்தியரும் ஐரோப்பியரும் சமமாக அமரக்கூடிய கல்கத்தா கிளப் தோன்றியது. அதன் முதல் தலைவர் வேறு எவரும் அல்லர்; கூச்பிகார் மகாராஜா நிருபேந்திர நாராயணரேதான். பெங்கால் கிளப்பில் இந்தியர் உறுப்பினராவதற்கு, நாடு விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1959 வரை காத்திருக்க நேர்ந்தது.

மூடிய கதவைத் தட்டிக்கொண்டே நிற்பதைவிட நமக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொள்வதே மேல் என்ற எண்ணம் அக்கால வங்காளத்தில் வேரூன்றியிருந்தது. ஜாதவ்பூர்வாசிகளுக்கு இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசிக் கிளர்ச்சியின் நாட்களில், 1906இல், அந்நிய ஆட்சியின் தயவை நாடாமல் கல்வி புகட்டுவதற்குத் தேசியக் கல்விக் கழகம் தோன்றியது. அதன் வழியில் வளர்ந்த தொழிற்கல்லூரியே 1955இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் ஆயிற்று. கல்விச்சாலையையும் பொழுதுபோக்கு விடுதியையும் ஒரே தட்டில் நிறுப்பது பொருந்தாது என்று சிலர் கூறலாம். நோக்கத்தில் அவை வேறானவை. எனினும் இரண்டையும் எழுப்பிய உணர்ச்சி ஏறத்தாழ ஒன்றே.

ஐரோப்பியர் கிளப்புகளில் இந்தியர் எவருமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பில்லியர்ட்ஸ் அறையில் 'மார்க்கர்' என்றொரு பணியாளர் உண்டு. புள்ளிக் கணக்கை வைப்பவர் அவர். மேஜையைத் துலக்குபவர் அவர். துணையின்றி வந்த உறுப்பினருக்கு எதிராளியாக நின்று ஆடுபவரும் அவரே. பணியாளராக நுழைந்த அந்த மனிதர், ஆளுவோர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே அவர்களைவிட நன்றாக ஆடக் கற்றுக்கொண்டதும் உண்டு. இவர்களுடைய பெயர்கள் கிளப்புகளின் வெற்றிப் பலகைகளில் பொறிக்கப்படவில்லை. ஆயினும் இந்நாட்டில் இந்தக் கலை வேர்விட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

விடுதலைக்குப் பின் நிலைமை விரைந்து மாறியது. 1958இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டி கல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஓட்டலில் நடைபெற்றது. 1922இல் புனேயில் பிறந்த வில்சன் ஜோன்ஸ் அதில் வெற்றி பெற்றார். தனிநபர் விளையாட்டு ஒன்றில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1964இல் நியூஜிலாந்தில் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். உலக அமெச்சூர் ஸ்நூக்கர் போட்டி முதன்முறையாக நடந்ததும் 1963இல் இதே கல்கத்தாவில்தான். அதில் இங்கிலாந்தின் கேரி ஓவன் வென்றார். 1990இல் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் பெற்ற மனோஜ் கோத்தாரியும் இந்நகரத்தவரே. இந்நகரில் கோலைக் கையில் எடுக்கும் அன்பர், தாம் ஒரு பழம்பெரும் ஆடுகளத்தில் நிற்பதை உணர வேண்டும்.

கிளப்பின் சுவர்களைக் கடந்து இந்த ஆட்டம் தெருவுக்கு வந்ததற்குத் தொலைக்காட்சியே பெருங்காரணம். 1969இல் இங்கிலாந்தின் பி.பி.சி. வண்ண ஒளிபரப்பின் சிறப்பை எடுத்துக்காட்டுவதற்கென ஸ்நூக்கர் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. பந்துகளின் வண்ணமே ஆட்டத்திற்கு விளம்பரமாயிற்று. 1990களில் வெளிநாட்டு அலைவரிசைகள் நம் வீடுகளுக்குள் வந்தபோது, நம் நகரங்களிலும் கட்டணம் செலுத்தி எவரும் ஆடக்கூடிய கூடங்கள் பெருகின. பூல் மேஜைக்குச் சிறிய அறையே போதும்; ஆகவே மாணவர் மிகுந்த பகுதிகளில் அதை முதலில் தேடலாம். பெரிய ஸ்நூக்கர் மேஜையைச் சுற்றிக் கோலை வீசி ஆடுவதற்கோ ஒரு மண்டபமே வேண்டும். வாடகை மிகுந்த இடத்தில் அது எளிதில் கிடைக்காது.

சரி, ஒரு கூடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். அது நல்ல கூடமா என்பதை அறிவது எவ்வாறு? பணம் கட்டுவதற்கு முன் வெள்ளைப் பந்தை மிக மெதுவாக உருட்டிப் பாருங்கள். அது இறுதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மேஜை மட்டமாக இல்லை. பெரிய மேஜையின் கம்பளத்திற்கு அடியில் பொதுவாக ஐந்து கற்பலகைகள் இருக்கும். அவற்றின் இணைப்பில் பந்து தட்டுப்படுகின்றதா என்று கவனியுங்கள். விளிம்பின் ரப்பரில் மோதிய பந்து உயிரோடு திரும்புகின்றதா, சோர்ந்து திரும்புகின்றதா என்றும் பாருங்கள். விளக்கு மேஜை முழுவதும் ஒரே சீராக விழ வேண்டும். கோலின் நுனித்தோல் வழுவழுப்பாகத் தேய்ந்திருத்தல் கூடாது.

கல்கத்தாவில் இன்னொரு செய்தியையும் நினைவில் வைக்க வேண்டும். கம்பளம் ஆட்டு ரோமத்தால் நெய்யப்பட்டது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆனி, ஆடி மாதங்களின் மழைக்காலத்தில் இங்கே பந்து கனத்து, மெதுவாக ஓடும். மரக்கோலும் வளையக்கூடும், ஆகவே அதைச் சுவரில் சாய்த்து வைக்காமல் நேராக நிறுத்தி வையுங்கள். கம்பளத்தை ஒரே திசையில் துலக்கி, ஆடாத நேரத்தில் மேஜைக்கு உறை போட்டு வைக்கும் கூடம் எதுவோ, அதன் உரிமையாளர் ஆட்டத்தை நேசிப்பவர் என்று நம்பலாம். அறிமுகமில்லாத ஒருவர் முதல் நாளிலேயே பணம் வைத்து ஆட அழைத்தால் வணக்கம் சொல்லி விலகிக்கொள்வது நலம். பூல் என்னும் பெயரின் வரலாறு அதற்குப் போதிய எச்சரிக்கை. ஊரில் ஏதேனும் கிளப்பில் உறுப்பினராக இருப்போர், அதற்குக் கல்கத்தாவில் உடன்பாடுள்ள கிளப் உண்டா என்று புறப்படுமுன் கேட்டு, அறிமுகக் கடிதம் பெற்று வருவது நல்லது.

கதவுகள் எல்லாம் திறந்துவிட்டனவா? நிறத்தைக் கேட்ட கதவுகள் திறந்துவிட்டன. உடையைக் கேட்ட கதவுகள் நெடுங்காலம் மூடியே இருந்தன. சென்னையிலேயே 2014இல் வேட்டி உடுத்தி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஒரு கிளப்பின் வாயிலில் தடுக்கப்பட்டார். அவ்வாண்டே தமிழ்நாடு சட்டமன்றம் இத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. இந்தியரின் தன்மானத்திற்காகத் தோன்றிய கல்கத்தா கிளப்பிலும் 2007 வரை பெண்கள் உறுப்பினராக முடியவில்லை. நமக்காக ஒரு கதவைத் திறந்தவர்களே பிறருக்கு ஒரு கதவை மூடி வைத்திருந்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அந்தத் தயக்கத்திற்கு மேஜையே விடை கூறியிருக்கின்றது. 2025 நவம்பரில், கத்தார் நாட்டின் தோஹா நகரில், சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் மகளிருக்கான உலக ஸ்நூக்கர் பட்டத்தை வென்றார். நீலகிரியில் விதி எழுதப்பட்ட ஆட்டத்தின் உலகப் பட்டம், ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின், ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் வந்து சேர்ந்தது.

ஆகவே, ஜாதவ்பூரிலும் பிற நகரங்களிலும் வாழும் தமிழன்பர்களே, மாலையில் ஆடச் செல்லும்போது உங்கள் வீட்டுப் பெண்மக்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களும் தயக்கமின்றிக் கோலெடுத்து ஆடக்கூடிய கூடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேஜையின் மட்டத்தை உருட்டிப் பார்த்து அறியலாம். கூடத்தின் மட்டத்தை, அங்கே யாரெல்லாம் ஆடுகின்றார்கள் என்பதைப் பார்த்து அறியலாம்.