நிகழ்காலச் சாய்வும் சுற்றுச்சூழல் நடத்தையும்

நிகழ்காலச் சாய்வு என்பது, பின்னால் வரும் பெரிய நன்மையைவிட உடனே கிடைக்கும் சிறிய நன்மைக்குக் கூடுதல் மதிப்புத் தரும் மனப்போக்கு. காத்திருக்கும் காலம் நீள நீளப் பலனின் மதிப்பு மனத்தில் தேய்வதைக் ‘காலத் தள்ளுபடி’ என்பர். சுற்றுச்சூழலைக் காக்கும் செயல்களில் செலவு இன்று, பலன் நாளை. பலன் பெறுவோரில் இன்னும் பிறவாதவர்களும் உண்டு. எனவே இங்கு பொறுமையோடு பிறர்மீதான அக்கறையும் தேவைப்படுகிறது.

மின்விசிறி: ஓர் எடுத்துக்காட்டு

சாதாரண சீலிங் ஃபேன் ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், தூரிகையற்ற மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. வகை சுமார் 30 வாட்டில் ஓடும். நாளுக்கு 12 மணி நேரம் சுழன்றால் ஆண்டில் 200 யூனிட்டுக்கு அருகில் மிச்சம். ஆனால் கடையில் கண்ணில் படுவது விலைச்சீட்டுதான். மிச்சமோ வீட்டின் மற்ற மின்செலவுகளோடு கலந்து, கரண்ட் பில்லில் தனியே தெரியாமல் போகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜெரி ஹாஸ்மன் 1979இல் அறைக் குளிர்சாதனம் வாங்கியோரை ஆராய்ந்தார். எதிர்கால மின்சேமிப்பை அவர்கள் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேலாகத் தள்ளுபடி செய்வதாகக் கணித்தார். வருமானம் குறைந்த குடும்பங்களில் இவ்விகிதம் இன்னும் அதிகம். கையில் பணமில்லாதவர் மலிவானதை வாங்குவதைப் பொறுமையின்மை என்று சொல்வது நியாயமாகாது.

நம்பிக்கையின் பங்கு

உடனே ஒரு மிட்டாயா, காத்திருந்தால் இரண்டா என்று குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவை மார்ஷ்மெல்லோ சோதனைகள். உளவியலாளர் வால்டர் மிஷல் ஸ்டான்ஃபோர்டில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய இச்சோதனைகளுக்குப் பின், தன்னடக்கம் பிள்ளைப் பருவத்திலேயே வெளிப்படும் குணம் என்ற எண்ணம் பரவியது. ராச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனை வேறொன்றைக் காட்டியது. படம் வரைய நல்ல பொருள்கள் கொண்டுவருவதாகச் சொன்னவர் சொன்னபடி வந்தபோது, குழந்தைகள் மிட்டாய்க்காகச் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். அவர் வெறுங்கையோடு திரும்பியபோது காத்திருந்தது 3 நிமிடமே.

பொதுவளங்களிலும் இதே நிலைதான். தான் விட்டுவைத்த நீரை அடுத்தவர் இறைத்துக்கொள்வார் என்று அஞ்சுபவர் விட்டுவைக்கமாட்டார். பாசனக் கால்வாய்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம், பயன்படுத்துவோரே விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோருக்குப் படிப்படியாகத் தண்டனை அளிக்கும் இடங்களில் வளம் நெடுங்காலம் நிலைப்பதை 1990இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

நடைமுறை வழிகள்

நாளைய பலனை இன்றே கண்ணுக்குக் காட்டுவது ஒரு வழி. மின்சாதனங்களின் மின்சிக்கனத்தைக் காட்ட இந்தியாவில் 2006இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு அத்தகையது. கூடுதல் விலையைத் தவணையில் செலுத்தவிடுவது இன்னொன்று. தண்ணீர் முறையும் மானியமும் அறிவித்த நாளில் தவறாமல் வந்து சேர்வது இவற்றைவிட முக்கியம். காத்திருந்து ஏமாறாதவரே மறுமுறையும் காத்திருப்பார்.