கற்கும் காலத்துக்குக் கூலி

எங்கள் ஊரில் பொறியியல் கடைசி வருஷம் படிக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டால் கல்யாண வீடோ சாவு வீடோ, கேள்வி ஒன்றுதான். "ப்ளேஸ் ஆயிட்டியா?" எந்தக் கம்பெனி, என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "இன்டர்ன்ஷிப்பாவது பண்ணியிருக்கியா?"

சொற்கள்தான் புதிது. படித்தவர்களை உருவாக்கிவிட்டு அவர்களை உட்கார வைக்க இடமில்லாமல் தவிப்பது புதுச்சேரிக்குப் பழைய கதை. அந்தக் கதையைத் தேடிப் படித்துக்கொண்டு போனபோது எனக்கு வேறொரு கேள்வி பெரிதாகத் தெரிந்தது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு காலம் இருக்கிறது. பாடம் தெரியும், தொழில் தெரியாது. யாராவது பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். நாம் தப்புத் தப்பாகச் செய்து பழக வேண்டும். அந்தக் காலத்துக்குக் காசு கொடுப்பது யார்? இருநூறு வருஷத்தில் எங்கள் ஊர் இதற்கு நான்கைந்து விடைகளைப் பார்த்துவிட்டது.

இன்டர்ன் என்பதே பிரெஞ்சு ஆஸ்பத்திரிச் சொல்தான். உள்ளே இருப்பவர் என்று பொருள். 1802-ல் பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் போட்டித் தேர்வு வைத்து மருத்துவ மாணவர்களைப் பணிக்கு எடுக்கும் முறை வந்தது. வெளியிலிருந்து வந்து போகிறவர்கள் ஒரு படி. உள்ளேயே தங்கி, ராத்திரி பகல் பார்க்காமல் நோயாளிகளைக் கவனிப்பவர்கள் அதற்கு மேல் படி. அந்த மேல்படிக்காரர்தான் இன்டர்ன். இன்று லேப்டாப்பும் வைஃபையும் இருந்தால் வீட்டிலிருந்தே இன்டர்ன் ஆகலாம் என்று விளம்பரம் வருகிறது. சொல்லின் மூலத்தைத் தெரிந்துகொண்டு அதைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு அரசு 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. அதன் வழியில் 1956-ல் தன்வந்தரி மருத்துவக் கல்லூரி வந்தது. 1964-ல் அது ஜிப்மர் ஆனது. இன்றைக்கும் கோரிமேட்டில் எம்பிபிஎஸ் தேர்வு எழுதி முடித்தவர் உடனே டாக்டர் ஆகிவிட முடியாது. ஒரு வருஷம் வார்டு வார்டாகச் சுற்றி வேலை பார்க்க வேண்டும். ஊரில் அவர்களை ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். அந்த வருஷத்துக்கு உதவித்தொகை உண்டு. அதை முடிக்காமல் மருத்துவராக நிரந்தரப் பதிவு கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் இவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. ஆக, கற்கும் காலத்தின் செலவை இங்கே அரசு ஏற்கிறது. இன்னொருவரும் ஏற்கிறார். இலவச வார்டில் படுத்திருக்கும் ஏழை நோயாளி. பழகுகிற கையின் முதல் ஊசி அவர் உடம்பில்தான் இறங்குகிறது.

மற்ற படிப்புகளுக்கு இப்படி ஒரு ஆஸ்பத்திரி இல்லை. பிரெஞ்சுக் காலத்துப் புதுச்சேரியில் படித்தவருக்கு வேலை என்றால் அது அரசு வேலைதான். கனகசுப்புரத்தினம் என்ற இளைஞர் கல்வே கல்லூரியில் தமிழ் படித்து, தேர்வில் முதலாவதாக வந்து, 1909-ல் பதினெட்டு வயதில் காரைக்கால் பக்கம் நிரவியில் பள்ளி ஆசிரியர் ஆனார். 1946 வரை 37 வருஷம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார். நாம் அவரைப் பாரதிதாசன் என்று அறிவோம். தேர்வே நியமனமாக இருந்த காலம் அது. ஆனால் வாத்தியார், குமாஸ்தா, கோர்ட்டு என்று எண்ணிப் பார்த்தால் இந்தச் சின்ன ஊரில் எத்தனை நாற்காலிதான் இருக்கும்?

மீதிப் பேருக்கு வழிவிட்டது கப்பல். 1860-களின் தொடக்கத்தில் பிரான்ஸ் தெற்கு வியட்நாமைப் பிடித்துக் குடியேற்றமாக்கியது. சைகோனில் புது நிர்வாகம். பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சு அலுவலக நடைமுறை தெரிந்த, பாரிஸ்காரரை விடக் குறைந்த செலவில் வரக்கூடிய ஆட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். சுங்கம், வரி, போலீஸ், சிறை, அலுவலக எழுத்தர் என்று போனார்கள். எங்கள் ஊரின் முதல் பெரிய 'ப்ளேஸ்மென்ட்' இதுதான் என்பேன்.

அந்த வேலைக்கு ஒரு நிபந்தனை சேர்ந்துகொண்டது. 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணை, பிரெஞ்சு இந்தியர் ஒருவர் விரும்பினால் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்றது. துறந்தால் திரும்ப முடியாது. பிரெஞ்சு முறைப்படி ஒரு குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களைத்தான் ரெனோன்சான் என்றார்கள். இந்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல். 1873-ல் காலணி அணிந்து கோர்ட்டுக்குள் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தவர். துறந்தபின் அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். கதவு என்று அர்த்தம். கதவைத் திறந்தவர் என்று அவர் நினைத்திருக்கலாம்.

சாதியின் பிடியிலிருந்து தப்பிக்கத் துறந்தவர்கள் உண்டு. ஒடுக்கப்பட்டவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அது பெரிய விடுதலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் சைகோனில் அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. துறந்தவர் முழுக் குடிமகன். எனவே எனக்கும் ஐரோப்பியர் தர ஊதியம் வேண்டும் என்று கேட்கலாம். கேட்டார்கள், வாதாடினார்கள், பலர் பெற்றார்கள். நடாஷா பேரோதோ எழுதிய, பிரெஞ்சு இந்தியர்கள் இந்தோசீனாவில் வாழ்ந்த வரலாறு இந்தப் போராட்டத்தை விரிவாகச் சொல்கிறது.

இங்கே யார் காசு? மேலோட்டமாகப் பார்த்தால் பிரெஞ்சு அரசு. உள்ளே பார்த்தால் வியட்நாம் விவசாயி கட்டிய வரி. தங்கள் ஊரிலேயே தங்களைவிட அதிகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, தங்களிடமே வரி வசூலித்த தமிழரை வியட்நாமியர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நம் குடும்பக் கதைகள் சொல்வதில்லை. அவை சைகோனிலிருந்து வந்த பணத்தையும் பெட்டியையும்தான் சொல்லும்.

அந்தக் கதவு ஒரே வருஷத்தில் இரண்டு பக்கமும் சாத்தப்பட்டது. 1954 மே மாதம் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. அதே வருஷம் நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவுக்குக் கைமாறியது. அனுப்பிய ஊரிலும் பிரெஞ்சு அரசு இல்லை, போய்ச் சேர்ந்த ஊரிலும் இல்லை.

இதற்கிடையில் ஊருக்குள்ளேயே வேறொரு பள்ளிக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சாலை. 1828-ல் தொடங்கிய சவானா மில், 1898-ல் வந்த ரோடியர் மில், பாரதி மில். அங்கே சேர டிகிரி வேண்டாம். பதிலியாகப் போக வேண்டும். நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவர் மெஷினில் நின்று பழகுவது. ஆள் வந்துவிட்டால் திரும்பி வீட்டுக்கு நடப்பது. கற்கும் காலத்தின் செலவு முழுக்கக் கற்பவன் தலையில். நேரத்துக்கும் கணக்குக் கிடையாது. அந்தக் கணக்கைக் கேட்டுத்தான் 1936-ல் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்துக்குப் பின், 1937-ல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. மில்கள் இப்போது இல்லை. ரோடியர் மில்லாக இருந்த ஏ.எஃப்.டி.யும் 2020-ல் மூடப்பட்டது. ஆனால் நேரத்துக்கு விலை உண்டு என்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

சுதந்திர இந்தியா ஒரு நியாயமான விடை வைத்திருந்தது. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம், அதாவது நாம் அப்ரண்டிஸ் என்று சொல்வது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஆள் வைத்திருக்கும் நிறுவனம் பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும், உதவித்தொகை தர வேண்டும் என்றது. 1973-ல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோக்காரர்களையும் உள்ளே கொண்டுவந்தது. 2019 விதிகள் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தன. மத்திய அரசின் திட்டத்தில் சேர்ந்தால் குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசு ஏற்றுக்கொள்ளும். செலவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் என் வகுப்பில் யாரும் "நான் அப்ரண்டிஸ்" என்று பெருமையாகச் சொல்லிக் கேட்டதில்லை. அது ஐடிஐ பையன்களின் சொல் என்று ஒரு மிதப்பு. சாதி மாதிரியே சொற்களுக்கும் மேல்கீழ் உண்டு.

1980-களின் நடுவில் காலாப்பட்டில் பல்கலைக்கழகமும் பிள்ளைச்சாவடியில் அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்தன. பின்னாலேயே தனியார் கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளால் அத்தனை பேரையும் எடுத்துக்கொள்ள முடியாது. எனவே மறுபடியும் பயணம். இந்தத் தடவை கப்பல் இல்லை, ஈசிஆர் பஸ். ஞாயிறு ராத்திரி சோழிங்கநல்லூருக்குப் போய் வெள்ளி ராத்திரி திரும்புகிற தலைமுறை நான்.

அப்போது ஒன்று இருந்தது. பெரிய ஐடி கம்பெனிகள் மெக்கானிக்கல், சிவில் என்று பார்க்காமல் அள்ளிக்கொண்டு போய், சம்பளம் கொடுத்து, மாதக்கணக்கில் சொல்லித்தந்தன. இன்ஃபோசிஸ் மைசூரில் அதற்காக ஒரு ஊரையே கட்டியது. கற்கும் காலத்தின் செலவு கம்பெனிக்கு என்பது எழுதாத ஒப்பந்தம். அதே நேரத்தில்தான், 2005-ல், நாஸ்காம்–மெக்கின்சி அறிக்கை வந்தது. இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் 25 சதவீதம் பேர்தான் ஏற்றுமதி ஐடி வேலைக்கு ஏற்றவர்கள் என்றது. அந்தத் துறையின் தேவைக்காக, அந்தத் துறையே போட்ட கணக்கு. ஆனால் நம் ஊர் மேடைகளில் அது "முக்கால்வாசி இன்ஜினியர் எதுக்கும் லாயக்கில்லை" என்று மாறிவிட்டது. 'எம்ப்ளாயபிலிட்டி' என்ற சொல் அந்த வாசல் வழியாகத்தான் நம் வகுப்பறைக்குள் வந்தது.

பிரிட்டனில் 1909-ல் வில்லியம் பெவரிட்ஜ் வேலையின்மை பற்றி எழுதிய புத்தகத்தின் துணைத்தலைப்பு, அதைத் தொழில்துறையின் பிரச்சினை என்று சொல்கிறது. நூறு வருஷம் கழித்து அதே விஷயம் மாணவனின் குறைபாடாகிவிட்டது. குறை அவனிடம் என்றால் செலவும் அவனுடையது.

2018-ல் ஏஐசிடிஇ தன் மாதிரிப் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்பை மதிப்பெண்ணோடு சேர்த்தது. நோக்கம் நல்லது. ஆனால் மாணவன் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிற அளவுக்கு, எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கம்பெனிக்கும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கட்டாயம் இருந்தால் நடுவில் கடை முளைக்கும். முளைத்தது. பணம் கட்டினால் நாலு வாரம் வீடியோ, கடைசியில் சான்றிதழ். அப்பா ஏற்கனவே கட்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு மேல் இன்னொரு கட்டணம். மில் பதிலிக்குக் கூலி கிடைக்காத நாள் உண்டு. ஆனால் அவன் மில்லுக்குக் காசு கட்டியதில்லை.

எங்கள் காலத்தில் இதற்கு 'இன்பிளான்ட் ட்ரெயினிங்' என்று பெயர். பஸ் பிடித்து ஒரு தொழிற்சாலைக்குப் போய், தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் வரிசையாக நடந்து, மெஷின்களை வேடிக்கை பார்த்து, டீ குடித்து வந்தோம். யாரும் எதையும் தொட விடவில்லை. எல்லாருக்கும் சான்றிதழ் கிடைத்தது.

போன வருஷம் என் டீமில் ஒரு பெண் இன்டர்னாகச் சேர்ந்தாள். மாத உதவித்தொகை உண்டு. முதலில் கொடுத்த வேலை சின்னது. ஒரு அறிக்கையில் சில தேதிகள் ஒரு நாள் பின்தங்கித் தெரிகின்றன, ஏன் என்று கண்டுபிடி. அனுபவமுள்ள ஒருவர் அரைநாளில் முடிப்பார். அவளுக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் என் சக ஊழியர் ஒருவர் தினம் ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். விடையைச் சொல்லவில்லை, லாகை எப்படிப் படிப்பது, எங்கே சந்தேகப்படுவது என்று மட்டும் காட்டினார். நேர மண்டலக் குழப்பம்தான் காரணம் என்று அவளே கண்டுபிடித்தாள். மூன்றாவது மாதம் அவள் கண்டுபிடித்த தவறு ஒன்று எங்கள் கண்ணில் படாதது.

லாயக்கு என்று சொல்கிறோமே, அது அந்த ஒரு மணி நேரத்தில்தான் உருவானது. கல்லூரியில் அதைக் கொடுத்திருக்க முடியாது, வீடியோவிலும் முடியாது. அதற்கு ஒரு விலை இருந்தது. சீனியர் ஒருவரின் பத்து மணி நேரமும் ஒரு உதவித்தொகையும். கம்பெனி கொடுத்தது.

அதனால் என்னிடம் இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் மூன்று கேள்வியை மட்டும் சொல்லி அனுப்புகிறேன். அங்கே நிஜமான வேலை ஏதாவது உன் கையில் தருவார்களா? உன் பக்கத்தில் உட்காரப் போகிறவர் யார்? பணம் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது? மூன்றாவதுக்கு விடை "எங்க அப்பா கிட்டயிருந்து" என்றால், மற்ற இரண்டையும் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.