சந்தா

இலங்கை மலையகத்தின் டயகம தேயிலைத் தோட்டங்களில் சந்தா என்றால் முதலில் தொழிற்சங்கச் சந்தாதான். தொழிலாளி எழுத்தில் சம்மதம் கொடுத்தால், நிர்வாகம் மாதச் சம்பளத்தில் அதைப் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும். சம்பளச் சிட்டையில் ஊழியர் சேமலாப நிதிக் (ஈ.பி.எஃப்.) கழிவோடு அதுவும் ஒரு வரியாக இருக்கும். சங்கம் சரியில்லை என்றால் சந்தாவை வேறு சங்கத்துக்கு மாற்றிவிடலாம். தலைவர்கள் அஞ்சுவதும் இதற்குத்தான்.

பாரசீகத்தில் 'சந்த்' என்றால் சில, கொஞ்சம். அதில் பிறந்த 'சந்தா' உருது, இந்தி வழியே தமிழுக்கு வந்தது. பலர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சேர்க்கும் பணம் என்பது பொருள். 'சந்தாதாரர்' என்பதிலுள்ள 'தார்' விகுதியும் பாரசீகமே.

இன்று மென்பொருள் நிறுவனங்கள் கேட்கும் சந்தா உண்மையில் வாடகை. பணம் நின்றால் மென்பொருளும் நின்றுவிடும். பழைய பொருளுக்குப் பொருந்துவது கட்டற்ற மென்பொருளுக்கு மக்கள் தரும் பணமே. 2002இல் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் மூலநிரலை விடுவிக்க 1,00,000 யூரோ தேவைப்பட்டது. பயனர்கள் சிறுகச் சிறுகப் போட்டு ஏழே வாரத்தில் சேர்த்துவிட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நிரல் குனூ பொது உரிமத்தில் வெளியானது. காசு போட்டவருக்கும் போடாதவருக்கும் அதில் ஒரே உரிமை. சந்தா என்ற சொல்லுக்கு இதைவிட நேர்மையான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

இலங்கையிலும் இத்தகைய கட்டற்ற மென்பொருள் ஒன்று உண்டு: 2004 சுனாமிக்குப் பின் தன்னார்வலர்கள் எழுதிய பேரிடர் மேலாண்மை மென்பொருள் சஹானா, பின்னர் நன்கொடையாளர் பணத்தில் வளர்ந்தபோதும் கட்டற்றதாகவே நீடித்தது.